காரோடு வரப்போகும் மகனுக்கு, என் தொடைச் சதையைப் பற்றி

தம்பி,

எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் தொடையிலும் கையிலும் இருந்த சதையை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். கத்தி வைத்து எடுக்கவில்லை. "நீங்க ஒக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிச் சொல்லியே எடுத்தீர்கள். முட்டி தேய்ந்தது வயதால். அதற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த முட்டியைத் தாங்கிக்கொண்டிருந்த சதை போனது உங்களால். சதையோடு எலும்பும் போனது. கடைசியில் நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டிய நேரத்தில், ஊர் பார்க்க என் இடது மணிக்கட்டு உடைந்தது. இப்போது அதையே காரணமாக வைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துவந்து, இந்த வீட்டைப் பூட்டி, என்னை ஓசூருக்குக் கூட்டிப்போய் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாக நீ முடிவு செய்திருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை. எந்தக் கிழமை என்று மட்டும் சொன்னாய்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பவில்லை. நம் கோயில் பங்கில் மாதா மாதம் அச்சடிக்கிற இதழுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. என் தையல் அளவு நோட்டில் இந்த ஊர்ப் பெண்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். உனக்கு எழுதுவது அவர்களுக்கும் ஆகும். எட்டாவது வரை படித்தவள் எழுதுகிறேன் என்று எளிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்த நாலு மாதத்தில் சதையைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததைக் கேட்டேன். கேட்டதையும் அப்படியே நம்பவில்லை.

எக்ஸ்ரே எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன், தருமபுரியில். அந்த எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முட்டி தேஞ்சிருக்கும்மா. ஓரத்துல எலும்பு வளந்திருக்கு பாருங்க. கீழ ஒக்காராதீங்க, படி ஏறாதீங்க, எடைய கொறைங்க. இந்தப் பேப்பர்ல படம் போட்டிருக்கற பயிற்சிய தெனம் செய்யுங்க." அவர் சொன்னது நாலு விஷயம். முதல் இரண்டை நீ எடுத்துக்கொண்டாய். மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன். நாலாவதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பைநல்லூர் பஸ்ஸில் வரும்போதே நீ என் மருமகள் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "அம்மாவ இனிமே ஒரு வேலையும் செய்ய விடக்கூடாது" என்றாய். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "நல்ல புள்ளைய பெத்திருக்கீங்க" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் என் முதல் தப்பு.

ஒரே மாதத்தில் என்னென்ன போயிற்று என்று பார். குழாயிலிருந்து குடம் தூக்குவது போயிற்று. பக்கத்து வீட்டு மாதம்மாவிடம் சொல்லி என் தண்ணீரையும் அவளே எடுத்துவர வைத்தாய். பின்கட்டுக் கோழிகள் போயின, அவற்றுக்குக் குனிந்து தீனி போடுவதும் போயிற்று. ரேஷன் கடைக்கு நடப்பது போயிற்று. எல்லாவற்றையும்விட, என் தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டாய். முப்பது வருடமாக இரண்டு காலாலும் மிதித்த மெஷின். ஒரு பொத்தானில் கட்டை விரலை வைத்தால் ஓடுகிற மாதிரி ஆக்கிவிட்டு, "இனி கால் வலிக்காதும்மா" என்றாய். வலிக்கவில்லை, உண்மைதான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அந்த நாற்காலியிலேயே கல்லாக உட்கார்ந்திருந்தேன். மாதம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னக்கா, கொலுவுல வெச்சாப்ல வெச்சிட்டாங்களா ஒன்ன? சுண்டல் எப்ப குடுப்பீங்க?" என்றாள். சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைப்பது. இது முழுக்க என் தப்பு, உன் தலையில் வைக்க மாட்டேன். அந்த எக்ஸ்ரே எடுத்தது ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில். நாற்பது நாள் கறி, முட்டை இல்லாமல், ராத்திரிச் சாப்பாடும் இல்லாமல் இருந்ததில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. உயிர்ப்புத் திருநாள் அன்று எல்லோரும் கறிக் குழம்புக்குக் காத்திருந்தபோது, நான் மாதா முன்னால் ஒரு நேர்ச்சை வைத்தேன்: இந்த முட்டி வலி தீருகிற வரை தபசை விட மாட்டேன். முட்டியின் பாரமும் குறையும், என் பாவத்தின் பாரமும் குறையும் என்று கணக்குப் போட்டேன். வலி தீரவில்லை. அதனால் தபசும் தீரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு முட்டைகூட வாயில் வைக்கவில்லை. மதியம் ஒரு உருண்டை களி, கீரைக் கடைசல். ராத்திரிக்கு மோர். எட்டு கிலோ குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொருத்தியும் என் தோளைத் தொட்டு, "இருபது வயசு கொறஞ்சிட்டீங்க" என்றாள். நீ எடை மெஷினில் என்னை நிற்கவைத்து முள்ளைப் படம் பிடித்து ஓசூரில் காட்டினாய். அந்த முள் ஒரு பொய்யன், தம்பி. குறைந்தது எவ்வளவு என்று சொல்லும். குறைந்தது எது என்று சொல்லாது.

எது என்று சொன்னது என் நோட்டு. விழுவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் வெட்ட உட்கார்ந்தேன். பழைய பக்கத்தில் என் கை சுற்று பதின்மூன்று அங்குலம். டேப்பைச் சுற்றினால் பதினொன்று. இடுப்புச் சுற்றோ அரை அங்குலம்தான் குறைந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டு கிலோவில் கொழுப்பு போயிருந்தால் இடுப்பிலல்லவா போயிருக்க வேண்டும், கையில் எப்படிப் போயிற்று? சந்தேகம் வந்தவள் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜாக்கெட் கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அதைவிட வெட்கம் ஒன்று சொல்கிறேன். நோட்டைப் பின்னால் புரட்டினால், முட்டி வலி என்று வீட்டோடு உட்கார்ந்த பெண்களின் பக்கத்தில் எல்லாம் இதே கதைதான். ரோசம்மாவின் கை ஒரு அங்குலம், மேலத்தெரு டீச்சரம்மாவின் கை ஒன்றரை குறைந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதியவள் நான். "எளச்சிட்டீங்க, நல்லதுதானுங்க" என்று வாயாரச் சொன்னவளும் நான். அவர்கள் சதை கரைவதை என் கையாலேயே அளந்தேன், ஒருத்தியிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பதை ஒரு சாக்காக நானே ஏற்றுக்கொள்ளவில்லை. நீயும் ஏற்றுக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு அந்த எலும்பு முகாம். கல்யாண மண்டபத்தில் ஒரு பவுடர் கம்பெனிக்காரன் மெஷின் கொண்டுவந்து வைத்திருந்தான். குதிகாலை அதில் வைத்தால் ஒரு சீட்டு வரும். எனக்கு வந்ததும் சிவப்பு, மாதம்மாவுக்கு வந்ததும் சிவப்பு, வரிசையில் முன்னால் நின்ற மூன்று பேருக்கும் சிவப்பு. சீட்டு வாங்கியவர்களை அடுத்த மேசையில் பவுடர் டப்பாவோடு ஒருவன் பிடித்துக்கொண்டான். எனக்கு உறுத்தியது. வரிசையில் மறுபடி நின்று, முக்காட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதே காலை வைத்தேன். எண் மாறி வந்தது.

"ஏப்பா, அதே காலு, அதே குதி. கால் மணி நேரத்துல எப்புட்றா மாறும்?" என்றேன்.

"கால சரியா வெச்சிருக்க மாட்டீங்கம்மா."

"நானா சரியா வெக்கல? ஒம் மெஷினு சரியா வெக்கல."

மாதம்மா என் கையை இழுத்தாள். "வாக்கா. அந்தப் பவுட்ரு நெஜமா எலும்ப வளக்கும்னா அவன் ஏன் இப்படி ஒல்லியா இருக்கான்?" வரிசையே சிரித்தது. நாங்கள் ஜெயித்து வந்ததாக நினைத்துக்கொண்டோம். ஆனால் அந்த ஒரு ஏமாற்றுக்காரனைப் பிடித்த திமிரில் நான் இன்னொன்றைக் கெடுத்தேன். அடுத்த மாதம் முட்டிக்காகப் போனபோது அதே எலும்பு டாக்டர், "சேலத்துல ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்மா, இடுப்பும் முதுகும்" என்றார். அதையும் இதே வியாபாரம் என்று நினைத்தேன். "முட்டியில எலும்பு வளந்திருக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? வளந்த எலும்புக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். நீயும் கூட இருந்தாய். "கரெக்டா கேட்டீங்கம்மா" என்றாய். முட்டி ஓரத்தில் முள்ளாக வளர்கிற எலும்பு வேறு, இடுப்பிலும் முதுகிலும் உள்ளுக்குள் கரைகிற எலும்பு வேறு என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரே உடம்பில் ஓரிடத்தில் வேண்டாத எலும்பு வளரும், இன்னோரிடத்தில் வேண்டிய எலும்பு தேயும். சந்தேகப்படுவது தப்பில்லை. சந்தேகப்பட்டதை விசாரிக்காமல் எழுந்து வந்தது தப்பு.

கோயிலில் நடந்ததை நீ பார்க்கவில்லை, நீ வந்தது பிறகுதான். முட்டிக்காரர்களுக்கு என்று பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அதில்தான் என் இடம். அன்று அப்பத்தை உயர்த்தும்போது, எல்லோரும் முட்டி போட்டிருக்க நான் மட்டும் துரை மாதிரி உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. இறங்கினேன். இறங்கியது சுலபமாக இருந்தது. எழ முடியவில்லை. வலியால் என்று எல்லோரும் நினைத்தீர்கள். வலி இருந்தது, ஆனால் வலியோடு எழுந்து எனக்குப் பழக்கம் உண்டு. தொடைக்குச் சொன்னேன், தொடை கேட்கவில்லை. அங்கே யாரும் இல்லாத மாதிரி இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து ஊன்றினேன். அதற்கு என்ன கனம் இருக்கிறது, சறுக்கிக்கொண்டு போய்விட்டது. கையை ஊன்றி விழுந்தேன். என் உயரத்திலிருந்துகூட இல்லை, முட்டி போட்ட உயரத்திலிருந்து. அதற்கே உடைந்தது.

கட்டுப் போட்ட டாக்டர் விடவில்லை. சேலத்தில் ஸ்கேன் எடுத்தோம். படுக்க வைத்து மேலே மெஷினின் கை ஒன்று நகர்ந்து போகும், அவ்வளவுதான். பவுடர் யாரும் விற்கவில்லை. இடுப்பிலும் முதுகிலும் எலும்பு ரொம்பக் குறைந்திருக்கிறது என்று வந்தது. நீ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, "பாத்தீங்களா, எலும்பு பொடியா இருக்கு, இனி அசையவே கூடாது" என்றாய். டாக்டர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொன்னாய். அவர் மாத்திரை எழுதினார், ஊசி பற்றிச் சொன்னார், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொடுத்துவிட்டு நீ ஓசூர் போய்விட்டாய். நான் மாதம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அந்தப் பிசியோதெரபி பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

"எம் மவன் ஒனக்குப் போன் பண்ணானா?" என்று முதலிலேயே கேட்டேன்.

"எந்த மகன்மா?"

அவள் முழித்த முழியில் பொய் இல்லை. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டச் சொல்லி, "அரை நிமிஷத்துல எத்தன தடவ எழுந்து ஒக்காருவீங்கன்னு பாக்கலாம்" என்றாள். ஒரு முறைகூட எழ முடியவில்லை, தம்பி. என் முன்னால் மாதம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். என் வாய் ஊரெல்லாம் கேட்கும், என்னால் ஒரு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. அவள் டேப் எடுத்து தொடையை அளக்க வந்தாள். "குடு இங்க, நாஞ் செய்யற வேல அது" என்று வாங்கி நானே அளந்தேன். அன்றிலிருந்து அந்த அளவும் என் நோட்டில் இருக்கிறது. வலிக்கிற முட்டிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சதையைக் கரைக்கிறோம், சதை போனால் பாரமெல்லாம் முட்டி மேலேயே இறங்கும், வலி கூடும், கூடினால் இன்னும் உட்காருவோம் என்று அவள் எனக்குச் சொன்னாள். எலும்பும் சும்மா இருந்தால் தேயும், சதை இழுத்தால்தான் நிற்கும் என்றாள். மோட்டாரைப் பற்றிக் கேட்டேன். "மிதிக்கறது தொடைக்குப் பெருசா ஒண்ணும் செய்யாதுங்கம்மா" என்றாள். அதை நேர்மையாக எழுதிவிட்டேன், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் மிதித்தது அவளா நானா?

பயிற்சிப் படம் போட்ட தாள் ஒன்று அவள் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ பார்த்த நினைவு. வீட்டுக்கு வந்து, ஜாக்கெட் கழுத்து வெட்டுகிற அட்டைகளை மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாலாவது அட்டை, பானைக் கழுத்து. திருப்பினால், ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்குகிறாள், அவளுக்குத் தலை இல்லை. என் கத்தரி வளைந்து போன இடத்தில் அவள் தலை போயிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த டாக்டர் கொடுத்த நாலாவது விஷயம். கெட்டித் தாளாக இருக்கிறதே என்று நான் வெட்டியிருக்கிறேன். அதை வைத்து எத்தனை பேருக்குக் கழுத்து வெட்டினேனோ தெரியாது. நீதான் வேண்டுமென்று என்னிடம் காட்டாமல் விட்டாய் என்று நினைத்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்த, எக்ஸ்ரே கவரோட அவரு ஒங்க கையிலதான குடுத்தாரு. நீங்கதான வெட்டுனீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன். வெட்டியது நான்தான். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட, "அந்தப் பயிற்சி பண்றீங்களாம்மா?" என்று நீ கேட்கவில்லையே. மாத்திரை போட்டேனா என்று தினம் கேட்டாய்.

இனி சந்தேகத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். போன முறை வந்தபோது வாசலில் நின்று போனில் யாரிடமோ சொன்னாய்: "அம்மாவ ஒரு எடத்துல ஒக்கார வெச்சிட்டா எங்களுக்கு நிம்மதி." நிம்மதி உங்களுக்கு. எனக்கு என்ன? மூன்றாவது மாடி, லிப்ட், சோபா, டிவி. என் முட்டிக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. கரைவதற்கு மிச்சமிருக்கிற சதையும் அந்த சோபாவில் கரையும். நீ கெட்ட எண்ணத்தில் செய்கிறாய் என்று சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். நல்ல எண்ணமாக இருந்ததால்தான் எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

பிசியோதெரபி பெண் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். "மொதல்ல பத்து வரட்டும்மா, அப்புறம் தனியா இருக்கறதப் பத்திப் பேசலாம்" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் பத்து முறை. ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் மூன்று. இப்போது எட்டு. போன செவ்வாய்க்கிழமை ஒன்பது வந்தது, ஆனால் ஒன்பதாவதில் முதுகை முன்னால் வீசி எழுந்தேன் என்று மாதம்மா எண்ணாமல் விட்டுவிட்டாள். அவளும் என்னை மாதிரிதான், ஏமாற்ற முடியாது. தொடை முக்கால் அங்குலம் கூடியிருக்கிறது. முட்டி வலி முழுதாகப் போகவில்லை, போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் நேற்று என் குடத்தை நானே, பாதி தண்ணீரோடு, வாசல் வரை கொண்டுவந்தேன்.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன், யார் யார் என்பதோடு.

நேர்ச்சையை முடித்துவைக்கச் சாமியாரிடம் நான் கேட்டுவிட்டேன், அவரும் விட்டுக்கொடுத்தார். தினம் இரண்டு முட்டை, கொள்ளு, பயறு, பால் என்று ராத்திரியும் சாப்பிட வேண்டியது நான். வரப்போகும் தபசுக் காலத்தில் என்னைப் பட்டினி கிடக்கச் சொல்லாமல் வேறு ஒரு தபசு சொல்ல வேண்டியது அவர். கோயிலில் பின்னால் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவிட்டு, கை வைத்த கனமான மர பெஞ்சு போட வேண்டியது பங்குப் பேரவை. இதைப் படிக்கிற பெண்கள், என் நோட்டில் கை சுற்று குறைந்தவர்கள், வருகிற வாரமே என் வீட்டுக்கு வந்து மறுபடி அளவு கொடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருத்தியிடமும் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டியது நான். எலும்பு ஸ்கேன் எடுக்க டாக்டரிடம் கேட்க வேண்டியது அவர்கள். பவுடர் டப்பா வாங்கக் கூடாது.

ஸ்டெல்லா என் கையிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது. தட்டு, குடம், துடைப்பம், எதையும். போனில் மாத்திரையைக் கேட்பதற்கு முன், பயிற்சியைக் கேட்க வேண்டும். அன்று அவளிடம் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்பேன், ஆனால் நேரில். மாதம்மா எண்ணிக்கையில் இரக்கம் காட்டக் கூடாது.

நீ மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்ற வேண்டும். தொடைக்கு ஆகாது என்றாலும் பரவாயில்லை, என் மனதுக்கு ஆகும். அடுத்த ஸ்கேனுக்கு என்னைச் சேலம் கூட்டிப்போக வேண்டும். அந்த ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் நீயே கேட்டு, அவர் சொல்வதை முழுவதும், நாலாவது விஷயம் வரை, காதில் வாங்க வேண்டும். பின்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி ஒன்று அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வா. வந்ததும் பெட்டியைத் தொடாதே. நடு வீட்டில் அந்த நாற்காலியைப் போடு, உன் போனில் அரை நிமிடம் வை. நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். பத்து வந்தால் கார் காலியாகத் திரும்ப வேண்டும், அதன் பிறகு ஓசூர் என்ற பேச்சு இந்த வீட்டில் எழக் கூடாது. பத்து வராவிட்டால் என் துணியை நானே மடித்து வைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடுவில் என்னைத் தாங்க வராதே. நான் தடுமாறினாலும் வராதே.

எண்ண வேண்டியது நீ. எழ வேண்டியது நான்.

உன் அம்மா